வீரன் ஆடு மேய்க்கலாமா?



ஒரே கதையைப் பல நூல்களாகத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு ஓர் உரிமை உணர்ச்சி தானாகவே வந்துவிடுகிறது. முதல் நூலைப் படிக்கும்போது நாம் விருந்தினர். இரண்டாம் நூலில் உறவினர் ஆகிவிடுகிறோம். மூன்றாம் நூல் முடிவதற்குள், அந்த வீட்டில் நமக்கும் ஒரு பங்கு உண்டு என்று எண்ணத் தொடங்கிவிடுகிறோம். அதன் பிறகு நூலாசிரியர் ஒரு சுவரை இடித்து வேறு வகையாகக் கட்டினால், "எங்களைக் கேளாமல் இதை எப்படிச் செய்யலாம்?" என்று சண்டைக்குப் போகிறோம். இந்தச் சண்டை நல்லதா? அதில் நியாயம் எவ்வளவு, வெறும் பழக்கம் எவ்வளவு? இதனை ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு ஆராய்வதே என் இன்றைய நோக்கம்.

அமெரிக்க நாட்டு எழுத்தாளர் அர்சுலா லெ குவின் அம்மையார் 1929ஆம் ஆண்டு கலிபோர்னியா மாநிலத்தில் பெர்க்கிலி நகரில் பிறந்தார். 2018ஆம் ஆண்டு மறைந்தார். அவருடைய தந்தையார் ஆல்பிரட் குரோபர் புகழ் பெற்ற மானிடவியல் பேராசிரியர். பல்வேறு மக்களின் வாழ்க்கை முறைகளை ஆராய்ந்த அறிஞரின் இல்லத்தில் வளர்ந்த அம்மையார், பிற்காலத்தில் தாமே ஓர் உலகத்தைக் கற்பனையில் படைத்தார். கடல் நடுவே எண்ணற்ற தீவுகள் சிதறிக் கிடக்கும் அந்த உலகத்திற்கு எர்த்சீ என்று பெயரிட்டார். அங்கே ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு மெய்ப்பெயர் உண்டு. அந்த மெய்ப்பெயரை அறிந்தவன் அப்பொருளை ஆள்வான். ஆகவே அங்கே மந்திரம் கற்பது என்பது பெரும்பாலும் சொற்களைக் கற்பதே ஆகும். வாழ்நாளெல்லாம் வகுப்பறையில் சொற்களுக்குப் பொருள் சொல்லி வந்த எனக்கு இக்கற்பனை மிகவும் பிடித்துப் போயிற்று.

எர்த்சீக் கதையின் முதல் நூல் 1968ஆம் ஆண்டு வெளிவந்தது. கோன்ட் என்னும் மலைத் தீவில் ஆடு மேய்த்துக் கொண்டிருந்த கெட் என்ற சிறுவன், ஓகியான் என்னும் அமைதி நிறைந்த ஆசானிடம் சேர்கிறான். பின்னர் ரோக் தீவிலுள்ள மந்திரப் பள்ளிக்குச் செல்கிறான். அங்கே செருக்கினால் ஒரு கொடிய நிழலை உலகில் ஏவிவிட்டு, இறுதியில் அதனை நேருக்கு நேர் நின்று எதிர்கொள்கிறான். 1971ஆம் ஆண்டு நூலாக வந்த இரண்டாம் கதையில் டெனார் என்ற பெண் வருகிறாள். குழந்தைப் பருவத்திலேயே தாய் தந்தையரிடமிருந்து பிரிக்கப்பட்டு, அட்டுவான் தீவின் இருண்ட கல்லறைகளுக்குப் பூசாரிணியாக ஆக்கப்பட்டவள் அவள். கெட்டும் அவளும் ஒருவரையொருவர் நம்பி அந்த இருளிலிருந்து வெளியேறுகிறார்கள். 1972ஆம் ஆண்டில் வந்த மூன்றாம் நூலில், கெட் மந்திரவாதிகளுக்கெல்லாம் தலைவன். உலகிலிருந்து மந்திரம் வடிந்து போவதைத் தடுக்க, ஓர் இளவரசனோடு இறந்தோர் நாடு வரை செல்கிறான். அங்கே திறந்து கிடந்த வாயிலை மூடுவதற்குத் தன் ஆற்றல் முழுவதையும் செலவிட்டுவிடுகிறான். வென்றவனாக, ஆனால் வெறுங்கையனாகத் திரும்புகிறான்.

அந்த நூலின் முடிவில் ஆசிரியை ஒரு நுட்பமான வேலை செய்திருக்கிறார். கெட் என்ன ஆனான் என்பதற்கு இரண்டு கதைகளைச் சொல்கிறார். தன் படகில் ஏறித் தனியே மேற்குக் கடலில் மறைந்தான் என்பது ஒன்று. கோன்ட் மலைக்காட்டினுள் தனியே நடந்து போனான் என்பது மற்றொன்று. எதை வேண்டுமானாலும் நம்பிக் கொள்ளுங்கள் என்று வாசகரிடமே விட்டுவிட்டார். பெரும்பாலோர் எதை நம்பியிருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கடலில் மறையும் படகு கண்ணுக்கு எவ்வளவு அழகு! வீரன் என்றால் அப்படித்தானே விடைபெற வேண்டும்!

பதினெட்டு ஆண்டுகள் கழிந்தன. 1990ஆம் ஆண்டு 'டெஹானு' என்னும் நான்காம் நூல் வெளிவந்தது. ஆவலோடு திறந்தவர்கள் கண்டது என்ன? கதையின் நாயகி டெனார்; ஓர் உழவனை மணந்து, மக்களை வளர்த்து, கணவனை இழந்து நிற்கும் நடுவயதுப் பெண். அவள் ஒரு சிறுமியை எடுத்து வளர்க்கிறாள். தன்னைக் காக்க வேண்டியவர்களாலேயே அடிக்கப்பட்டு, நெருப்பில் தள்ளப்பட்டு, முகத்தில் ஒரு பாதியும் ஒரு கையும் கருகிப் போன குழந்தை அது. கெட் வருகிறான், பறவைநாகத்தின் முதுகில், உணர்வற்ற நிலையில் வருகிறான். உடல் தேறியதும் அவன் செய்வது என்ன? அரசன் அனுப்பிய தூதர்கள் தேடி வரும்போது, ஆற்றல் இழந்த வெட்கத்தால் ஒளிந்து கொள்கிறான். மலைமேல் போய் மீண்டும் ஆடு மேய்க்கிறான்.

வாசகர்கள் இரண்டு பட்டார்கள். குறை கூறியவர்களின் வாதங்களை மூன்றாகத் தொகுக்கலாம். முதலாவது, "எங்கள் வீரனை ஏன் இழிவுபடுத்தினீர்கள்?" என்பது. இரண்டாவது, "கடற்பயணம் எங்கே? போர் எங்கே? மாவு பிசைவதும் ஆட்டைக் கட்டுவதும் கதையாகுமா?" என்பது. மூன்றாவது சற்றுக் கூர்மையானது. பெண்ணுரிமைக் கொள்கை ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு, தாம் முன்பு கட்டிய உலகத்தையே ஆசிரியை மாற்றிவிட்டார் என்பது அது. போற்றியவர்களோ, இதுவரை பெண்கள் வாயிற்படியில் நின்று கொண்டிருந்த கதையில் இப்போதுதான் அவர்கள் உள்ளே வந்தார்கள் என்றார்கள். ஒரு செய்தியை இங்கே குறிப்பிட வேண்டும். சக எழுத்தாளர்கள் வாக்களித்து வழங்கும் நெபுலா விருது, 1990ஆம் ஆண்டின் சிறந்த நாவல் என்று இந்நூலுக்கே கிடைத்தது. வாசகர்கள் வாக்களிக்கும் லோகஸ் விருதும் மறு ஆண்டில் இதற்கே கிடைத்தது. ஒரே நூல் ஒரு சாராரால் துரோகம் என்றும், மற்றொரு சாராரால் சாதனை என்றும் சொல்லப்பட்டது.

சில மாதங்களுக்கு முன் எங்கள் ஊர் நூலகத்தில் கல்லூரி மாணவர் இருவர் இந்நூலைப் பற்றியே வாதிட்டுக் கொண்டிருந்தனர். மாணவன் சொன்னான்: "ஐயா, முதல் மூன்று நூல்களையும் ஒரே மூச்சில் படித்தேன். நான்காவதில் கெட்டைப் பார்த்ததும் மூடி வைத்துவிட்டேன். இவன் என் கெட் அல்லன்." அருகிலிருந்த மாணவி உடனே கேட்டாள்: "முதல் நூலில் அவன் ஆடு மேய்த்தபோது உனக்குக் கசக்கவில்லையே? இப்போது மட்டும் ஏன் கசக்கிறது?" மாணவன் சற்று நேரம் பேசாதிருந்தான். பிறகு, "அப்போது அவன் ஏறிக்கொண்டிருந்தான், இப்போது இறங்கிவிட்டான்" என்றான்.

அவன் கூறியது பொருள் பொதிந்த விடை. நான் அன்று முழுவதும் அதையே எண்ணிக் கொண்டிருந்தேன். ஏறுகின்றவனைக் காணும்போது வறுமையும் அழகாகத் தோன்றுகிறது. அது ஏணியின் முதற்படி என்று எண்ணுகிறோம். இறங்கியவனிடத்தில் அதே ஆட்டு மந்தையைக் கண்டால் முகம் திருப்பிக் கொள்கிறோம். ஆடு மாறவில்லை, மலை மாறவில்லை, மேய்க்கும் ஆளும் மாறவில்லை. மாறியது நம் மதிப்பு மட்டுமே.

நான் பணியிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாள் காலையில், பள்ளி மணியோசை வழக்கம் போல என் வீட்டுத் திண்ணை வரை கேட்டது. கை தானாகவே மேல்துண்டை எடுத்தது. போக வேண்டிய இடம் இல்லை என்பது அதன் பிறகே நினைவுக்கு வந்தது. முந்தின நாள் வரை என் கையெழுத்துக்கு ஒரு மதிப்பு இருந்தது; அன்று அது வெறும் பெயர். பதவி போன பின் எஞ்சியிருக்கும் மனிதன் யார் என்ற கேள்வி, ஒரு நாள் எல்லோர் வீட்டுத் திண்ணைக்கும் வரத்தான் செய்யும். உங்கள் தந்தைக்கு வரும். உங்கள் ஆசிரியருக்கு வரும். நீங்கள் இன்று கைதட்டிப் போற்றும் விளையாட்டு வீரருக்கு, எல்லோரையும்விட விரைவாகவே வரும். அந்தக் கேள்வியை ஒரு கற்பனைக் கதை நேர்மையாகக் கேட்கும்போது, அது கதைத் தலைவனை இழிவுபடுத்துவதாக எனக்குத் தோன்றவில்லை.

இனி இரண்டாவது வாதத்திற்கு வருவோம். இந்நூலில் போர் இல்லையா? ஓர் இரவில் கொடியவர் சிலர் டெனாரின் வீட்டைச் சூழ்கின்றனர். உள்ளே டெனாரும் குழந்தையும் மட்டுமே இருக்கிறார்கள். அப்போது வந்து சேரும் கெட்டின் கையில் மந்திரக்கோல் இல்லை. வைக்கோல் வாரும் கவைக்கோல் இருக்கிறது. அதைக் கொண்டே அவன் அவர்களை எதிர்க்கிறான். ஆற்றல் நிறைந்த நாளில் பறவைநாகங்களை எதிர்த்து நிற்பது பெரிதா, ஒன்றும் இல்லாத நாளில் வெறும் மனிதனாக இருட்டில் நிற்பது பெரிதா? நீங்களே எண்ணிப் பாருங்கள். மற்றோரிடத்தில் டெனாரின் மகன் கடலிலிருந்து வீடு திரும்புகிறான். தான் உண்ட தட்டைக் கழுவுவது ஆண்மகனுக்கு உரிய வேலை அன்று என்று மறுக்கிறான். ஒரு காலத்தில் மந்திரத் தலைவனாக இருந்த கெட் அவ்வேலையைத் தயங்காமல் செய்கிறான். இந்தச் சிறு காட்சியில் நடப்பதும் ஒரு போர்தான். நம் இல்லங்களில் நாள்தோறும் நடக்கும் போர்.

மூன்றாவது வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. முதல் நூல்களில் ரோக் பள்ளியில் பெண்களுக்கு இடம் இல்லை. பெண்களின் மந்திரத்தைத் தாழ்த்திப் பேசும் பழமொழியே அத்தீவுகளில் வழங்கியது. அதனைப் படைத்தவரும் இதே அம்மையார்தாம். ஆண்களே வீரச் செயல் புரியும் பழைய மரபைப் பின்பற்றித் தாம் முன்பு எழுதியதை, 1992ஆம் ஆண்டு ஆக்ஸ்போர்டில் ஆற்றிய சொற்பொழிவில் அவரே எடுத்து விளக்கினார். ஆகவே மாற்றம் நிகழ்ந்தது உண்மை. ஆனால் அவர் பழைய உலகத்தை அழித்துவிடவில்லை. அதே தீவுகள், அதே சட்டங்கள், அதே பழமொழி. பார்க்கும் இடத்தை மட்டும் மாற்றினார். முன்பு கோபுரத்திலிருந்து பார்த்தோம். இப்போது அடுக்களையிலிருந்து பார்க்கிறோம். அடுக்களையிலிருந்து பார்க்கும்போது கோபுரத்தின் நிழல் எவ்வளவு தூரம் விழுகிறது என்பது தெரிகிறது.

இவ்வாறு சொல்வதனால் நூலில் குறையே இல்லை என்று கொள்ள வேண்டா. ரே ஆல்பியில் வாழும் தீய மந்திரவாதி முழுக்கவும் கருப்பாகவே வரையப்பட்டிருக்கிறான். அவனுக்குள் ஒரு மனித மனம் இருந்ததற்கு அடையாளம் இல்லை. கெட்டையும் டெனாரையும் அவன் மலை விளிம்பில் கொண்டு நிறுத்தும் நேரத்தில், குழந்தை அழைக்கக் கலெசின் என்னும் முதிய பறவைநாகம் பறந்து வந்து காப்பாற்றுகிறது. மெல்ல நடந்து வந்த கதை அங்கே சட்டென்று ஓடி முடிந்துவிடுகிறது. இது என் கருத்து. இதற்குக் காரணம் காட்ட நூலின் இன்ன பகுதி என்று என்னால் விரல் வைக்க முடிகிறது. "இவன் என் கெட் அல்லன்" என்பதற்கு அப்படி விரல் வைக்க இடம் இல்லை. முன்னது நூலைப் பற்றிய கருத்து; பின்னது நம் ஏமாற்றத்தைப் பற்றிய செய்தி. இரண்டும் சொல்லத் தக்கவையே; ஒன்றை மற்றொன்றாக மயங்குதல் கூடாது.

மாணவர்களே, நீங்கள் விரும்பிப் படிக்கும் தொடரின் அடுத்த நூல் உங்களை ஏமாற்றினால், உடனே ஏமாற்றத்தை மறைத்துக் கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். நான் எதிர்பார்த்தது என்ன? ஆசிரியர் செய்ய முயன்றது என்ன? அந்த முயற்சி நூலின் எந்த இடத்தில் வெற்றி பெற்றது, எந்த இடத்தில் தவறியது? இம்மூன்றுக்கும் விடை எழுதிய பிறகு, பிடிக்கவில்லை என்று துணிந்து சொல்லுங்கள். அந்தச் சொல்லுக்கு எவரும் செவி சாய்ப்பர். இயலுமானால், நூலை எடுத்து வைத்துச் சில ஆண்டுகள் கழித்து மீண்டும் படியுங்கள். 1972ஆம் ஆண்டில் பன்னிரண்டு வயதில் மூன்றாம் நூலைப் படித்த ஒரு சிறுமி, நான்காம் நூல் வந்தபோது முப்பது வயதுப் பெண். அவள் கையில் ஒரு குழந்தையும் இருந்திருக்கலாம். அவளுக்கு டெனாரின் அடுக்களை அந்நியமாகத் தோன்றியிராது.

இந்த நூலுக்கு எர்த்சீயின் இறுதி நூல் என்று துணைத்தலைப்பு இட்டிருந்தார் ஆசிரியை. ஆயினும் 2001ஆம் ஆண்டில் அதே உலகத்தைப் பற்றி மேலும் இரு நூல்கள் வெளிவந்தன. முடிந்தது என்று தாமே எழுதிய கதையைக்கூட மீண்டும் திறந்து பார்க்க அவர் தயங்கவில்லை. வாசகர்களாகிய நாமும் நம் முடிவுகளை அவ்வாறே திறந்து பார்ப்பது நல்லது. நூலகத்தில் வாதிட்ட அந்த மாணவன், மூடி வைத்த நூலை மறுபடியும் வாங்கிச் சென்றிருக்கிறான். படித்து முடித்து என்ன சொல்லப் போகிறான் என்று நானும் அந்த மாணவியும் காத்திருக்கிறோம். பிடிக்கவில்லை என்றே அவன் சொன்னாலும் எங்களுக்கு மகிழ்ச்சிதான். ஏன் என்று இம்முறை சொல்வான் அல்லவா?