பேருக்குப் பின்னாடி எதை எடுத்துட்டுப் போறோம்?

படிக்கவும் வேலைக்கும் வெளிநாடு கிளம்பும் தம்பி, தங்கைகளுக்காக ஆரணியில் நடந்த கூட்டத்தில், நமது ஐ.டி. விங் தன்னார்வலர் பேசியதன் எழுத்து வடிவம்:



விசா, டிக்கெட், லக்கேஜ் எடை எல்லாம் ஏஜென்ட் சொல்லிடுவாரு. அவர் சொல்லாத ஒண்ணைப் பத்திப் பேச வந்திருக்கேன். அது நம்ம பேரு.

நம்ம ஊர்ல பெரியவங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். அண்ணே, அக்கா, ஐயா, சார்தான். எங்கேயும் எழுதி வைக்காத சட்டம், ஆனா மூணு வயசுலயே தெரிஞ்சிடும். அமெரிக்க கம்பெனியில அப்பா வயசு மேனேஜரை முதல் நாளே பேர் சொல்லிக் கூப்பிடணும். முதல்ல வாய் வராது, அப்புறம் பழகிடும். அங்க அதுதான் மரியாதை. நம்ம மரியாதை அதனால குறைஞ்சிடாது.

உண்மையான சிக்கல் நம்ம பேரை எழுதும்போதுதான் வருது. பாரத்துல 'சர்நேம்'னு ஒரு கட்டம் இருக்கும். நம்மகிட்ட இருக்கிறது இனிஷியல். கட்டத்தைக் காலியா விட்டா, அமெரிக்க விசாவுல உங்க பேரு சர்நேம் இடத்துக்குப் போயிடும். முதல் பேரு இருக்க வேண்டிய இடத்துல 'எஃப்.என்.யு.'ன்னு அச்சடிப்பாங்க. முதல் பேரு தெரியலைன்னு அர்த்தம்! 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பேர் மட்டும் இருந்தா சுற்றுலா விசாவில் அனுமதி இல்லைன்னே அறிவிச்சது.

உடனே சில வீட்டுல, "நம்ம பட்டப்பேரைப் போட்டுடு, பிரச்சனை முடிஞ்சது"ங்கிறாங்க. தோழர்களே, அங்கதான் பிரச்சனையே ஆரம்பிக்குது.

1929 பிப்ரவரி. இங்கிருந்து ரொம்ப தூரமில்லாத செங்கல்பட்டுல, சௌந்தரபாண்டியனார் தலைமையில் சுயமரியாதை மாநாடு நடந்தது. பேருக்குப் பின்னாடி சாதிப் பட்டம் போடுறதை விடணும்னு அங்க தீர்மானம் போட்டாங்க. வாலில்லாத பேரு நமக்குச் சும்மா கிடைக்கல. அப்படி வெளியே அனுப்பின சாதியை, பாஸ்போர்ட் வழியா நாமே திரும்பக் கூட்டிட்டு வரலாமா?

வெளிநாட்டுல யாருக்குத் தெரியப்போகுதுன்னு நினைக்காதீங்க. வெள்ளைக்காரருக்குத் தெரியாது, பக்கத்து சீட்டு இந்தியருக்குத் தெரியும். "ஊர்ல எந்தத் தெரு? வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?" சிரிச்சுக்கிட்டே கேக்குற கேள்விதான், ஆனா எதுக்குக் கேக்குறாங்கன்னு ரெண்டு பேருக்குமே தெரியும். சாதியும் கப்பல் ஏறினதாலதான் 2023ல் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்து சட்டம் போட்டது. அதே வருஷம் கலிபோர்னியா சட்டமன்றத்திலும் மசோதா நிறைவேறியது. ஏற்கெனவே இருக்கிற சட்டமே போதும்னு ஆளுநர் கையெழுத்துப் போடல.

நம்ம சேலையைப் பாருங்க. எந்த நாட்டுக்குப் போனாலும் 'ஆரணிப் பட்டு'ன்னு ஊர் பேரோடதான் போகுது. நெய்தவர் சாதி எந்த முந்தானையிலும் இல்ல.

செய்ய வேண்டியது இதுதான். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும் முன்னாடியே இனிஷியலை விரிச்சு எழுதுங்க. சர்நேம் கட்டத்துல அப்பா பேரோ அம்மா பேரோ போடுங்க. மார்க் ஷீட், ஆதார், பாஸ்போர்ட் மூணுலயும் ஒரே எழுத்துல இருக்கட்டும்.

அப்புறம் அங்க உங்களை அப்பா பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. இங்க நாம வாய்விட்டுச் சொல்லத் தயங்குற பேரு அது. குழித்தறியில கால் மரத்துப்போக உக்காந்து நம்மளைப் படிக்க வச்சவரோட பேரு, ஏர்போர்ட் மைக்குல கேக்கட்டும். நிமிர்ந்து போய் நில்லுங்க.

போயிட்டு வாங்க!

#சாதிவால்_வேண்டாம் #ஆரணி