நியூ டவுனில் ஒரு பூல் ஹால் – என் அனுபவம்

(கொல்கத்தா அங்கத்தினர்களின் காலாண்டுக் கூட்டத்தில், சுயதொழில் அனுபவங்கள் வரிசையில் பேசியதன் எழுத்து வடிவம்)



காரியதரிசி என்னைப் பேசச் சொன்னபோது சற்றுத் தயங்கினேன். இதற்கு முன் இங்கே பேசியவர்கள் கேட்டரிங், டியூஷன் சென்டர், வருமான வரி ஆலோசனை என்று கௌரவமான தொழில்களைப் பற்றிச் சொன்னார்கள். நான் நடத்துவதோ பூல் ஹால். ஆனால் வெளியூர் அங்கத்தினர் இருவர், தங்கள் பிள்ளைகள் இதே தொழிலைத் தொடங்க நினைப்பதாகக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்காகவாவது பேச வேண்டும் என்று ஒப்புக்கொண்டேன்.

நான் டல்ஹவுசியில் 34 வருஷம் கணக்கு எழுதியவன். லேக் மார்க்கெட் பக்கம் குடியிருந்துவிட்டு, 2014-ல் நியூ டவுனுக்கு ஜாகை மாறினோம். 2018-ல் ரிடயர் ஆனேன். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் என் பிள்ளைதான் இந்த யோசனையைச் சொன்னான். "ஷிஃப்ட் முடிஞ்சா மாலைத் தவிர எங்களுக்குப் போக்கிடமே இல்லைப்பா" என்றான். அது உண்மைதான். பழைய கல்கத்தாவில் ஒவ்வொரு பாடாவிலும் ஒரு கிளப் உண்டு. அங்கே கேரம் போர்டு இருக்கும், அட்டா இருக்கும். நியூ டவுனில் அகலமான ரோடும் உயரமான கட்டடமும் வந்துவிட்டன. அந்தத் திண்ணை மட்டும் வரவில்லை.

என் மனைவி கேட்டது ஒரே கேள்வி. "ஏன்னா, பி.எஃப். பணத்தை வெச்சுண்டு சூதாட்டக் கிளப்பா நடத்தப் போறேள்? சம்பந்தி ஆத்துல கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

அந்தக் கேள்விக்கு நியாயமான பதில் தேடித்தான் நான் இந்தத் தொழிலையே கற்றுக்கொண்டேன்.

முதலில், இந்த ஆட்டத்தின் குலம் கோத்திரத்தைச் சொல்லிவிடுகிறேன். பூலுக்கு ஒன்றுவிட்ட சகோதரனான ஸ்னூக்கர் நம் நாட்டிலேயே பிறந்தது. 1875-ல் ஜபல்பூரில், நெவில் சேம்பர்லின் என்ற இளம் ராணுவ அதிகாரி அதைத் தொடங்கிவைத்தார். பிற்பாடு பிரிட்டிஷ் பிரதமரான சேம்பர்லின் வேறு ஒருவர். 1882-ல் அதன் விதிகள் எழுதப்பட்டது நம் ஊட்டி கிளப்பில். 1958-ல் வில்சன் ஜோன்ஸ் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்றது இதே கல்கத்தாவில். இவ்வூர் மனோஜ் கோத்தாரி 1990-லும், அவர் மகன் சௌரவ் கோத்தாரி 2018-லும் உலகப் பட்டம் பெற்றார்கள். 2025 நவம்பரில் தோஹாவில், சென்னைப் பெண் அனுபமா ராமச்சந்திரன் உலக ஸ்னூக்கர் பட்டத்தை வென்றார். இந்தியப் பெண் ஒருவர் அதை வென்றது அதுவே முதல் தடவை. ஆக, ஆட்டத்தில் தோஷம் ஒன்றுமில்லை. அதை ஆடும் இடத்தில்தான் தோஷம் வந்து சேரும். அதைத் தடுப்பதுதான் ஹால் நடத்துபவனின் வேலை.

இனி, நான் செய்த முதல் தப்பைச் சொல்கிறேன். ஒரு தரகர் காட்டிய இடம் பிடித்துப்போய், உடனே முன்பணம் கொடுத்துவிட்டேன். பிறகுதான் பிளானைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அந்தத் தளத்துக்குக் குடியிருப்பு அனுமதி மட்டுமே இருந்தது. அங்கே வியாபாரம் நடத்த உரிமம் கிடைக்காது. கொடுத்த பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. 34 வருஷம் வவுச்சர் இல்லாமல் ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதவன், சொந்தப் பணத்தில் இப்படி ஏமாந்தேன். ஆகவே முதலில் காகிதம், அப்புறம் முன்பணம்.

இரண்டாவது, இடத்தின் அளவு. மேஜையை மட்டும் அளந்தால் போதாது, மேஜையைச் சுற்றி நின்று அடிக்க வேண்டும். 9 அடி பூல் மேஜையில் ஆடும் பரப்பு 100 அங்குலத்துக்கு 50 அங்குலம். க்யூ, அதாவது அடிக்கும் கோல், சுமார் 58 அங்குலம். நான்கு பக்கமும் ஒரு கோல் நீளம் விட்டால் ஒரு மேஜைக்கு 18 அடிக்கு 14 அடி வேண்டும். பக்கத்துப் பக்கத்து மேஜைகளுக்கு நடுவில் உள்ள இடத்தை இருவரும் பங்கு போட்டுக்கொள்ளலாம். ஆனால் நடுவே தூண் இருந்தால் அந்தப் பக்கம் வீண். முழு அளவு ஸ்னூக்கர் மேஜைக்கு 22 அடிக்கு 16 அடி தேவை. அதனால்தான் நான் பூலைத் தேர்ந்தெடுத்தேன். இடம் குறைவு, ஆட்டமும் சீக்கிரம் முடியும், புதிதாக வருகிறவனும் முதல் நாளே ஒன்றிரண்டு பந்தைப் பாக்கெட்டில் போட்டுச் சந்தோஷமாக வீட்டுக்குப் போவான்.

மூன்றாவது, மேஜை. பரப்பின் அடியில் கல் பலகை இருக்க வேண்டும். ஸ்லேட் என்பார்கள். விலை குறைவு என்று மரத்தூள் பலகை மேஜை வாங்கினால், நம் வங்காள மழைக்காலத்தில் அது வளைந்துவிடும். ஸ்லேட் மேஜை ஒன்றின் எடை 400 கிலோ வரை வரும். மாடியில் போடுவதானால் பொறியாளரிடம் எழுத்து மூலம் அபிப்பிராயம் வாங்கிக்கொள்ளுங்கள். மேஜைத் துணி கம்பளியில் நெய்தது. ஈரம் ஏறினால் பந்து மந்தமாக ஓடும். ஆகவே ஏ.சி. இங்கே ஆடம்பரம் இல்லை, மேஜையின் ஆரோக்கியம். நான் நான்கு மேஜை போட்டேன். மட்டம் பார்த்துத் துணி மாற்றத் தெரிந்த ஒரு பழைய மார்க்கர் கிடைத்தார். மேஜையைவிட அவரைத்தான் நான் பெரிய முதலாகக் கருதுகிறேன்.

நான்காவது, உரிமங்கள். நியூ டவுனில் தொழில் உரிமத்துக்கு என்.கே.டி.ஏ. அலுவலகத்துக்குப் போக வேண்டும். தீயணைப்புத் துறை அனுமதி, டீயும் சிற்றுண்டியும் விற்பதானால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு, பாட்டுப் போடுவதானால் ஒலிப்பதிவு உரிமையாளர்களின் அனுமதி, வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு. பிதான்நகர் போலீஸ் கமிஷனரேட்டுக்கும் முன்கூட்டியே எழுதி, என்ன அனுமதி வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். கேட்டுப் போனவனுக்கு மரியாதை உண்டு, பிடிபட்டவனுக்குக் கிடையாது.

ஐந்தாவது, கணக்கு. இது என் சொந்த சப்ஜெக்ட். 4 மேஜை, தினம் 12 மணி நேரம் என்றால் 48 மேஜை மணி. அத்தனையும் ஓடும் என்று கணக்குப் போட்டால் கடனில் முடியும். பகல் முழுக்க ஹால் காலியாகத்தான் இருக்கும். மாலை 6 மணிக்கு மேல்தான் கூட்டம். மூன்றில் ஒரு பங்கு, அதாவது 16 மணிதான் ஓடும் என்று வையுங்கள். மணிக்கு 200 ரூபாய் என்றால் நாளைக்கு 3,200, மாசத்துக்கு 96,000. வாடகை, மின்சாரம், இரண்டு பேர் சம்பளம் மூன்றும் அதற்குள் அடங்கினால் மட்டுமே கையெழுத்துப் போடுங்கள். கூடவே, ஆறு மாச வாடகையைத் தொடாத பணமாகத் தனியே வையுங்கள்.

அந்தப் பணம்தான் எங்களைக் காப்பாற்றியது. 2019 தை மாதம் திறந்தேன். 2020 மார்ச்சில் லாக்டவுன் வந்தது. மே 20-ஆம் தேதி ஆம்பன் புயல். இரண்டு நாள் கழித்துப் போய்த் திறந்தால் ஜன்னல் கண்ணாடி உடைந்து, ஒரு மேஜை முழுக்கத் தண்ணீர். துணியும் ஓரக் குஷனும் போயின. கல் மட்டும் அப்படியே இருந்தது. அன்று என் மனைவியும் கூட வந்திருந்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு தண்ணீரைத் தள்ள ஆரம்பித்தாள்.

ஆறாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது, ஹாலின் நடத்தை. திறந்த முதல் வருஷம் தினமும் வரும் எட்டுப் பேர் இருந்தார்கள். அவர்கள் வந்தால் இரண்டு மேஜைக்குக் கவலையில்லை. ஒரு நாள் அதில் ஒரு பையன், முகம் வெளிறி, ஓரமாக உட்கார்ந்திருந்தான். விசாரித்தால் சம்பளத்தில் பாதியைப் பந்தயத்தில் விட்டிருக்கிறான். மேற்கு வங்காளத்தில் 1957-ஆம் வருஷத்துச் சூதாட்டத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் அன்று எனக்குச் சட்டம் ஞாபகம் வரவில்லை. என் பிள்ளையின் வயசு என்பதுதான் மனசில் பட்டது. "இங்கே காசு வெச்சு ஆடறதானா நாளையிலேர்ந்து வர வேண்டாம்" என்று எட்டுப் பேரிடமும் சொல்லிவிட்டேன். ஏழு பேர் வரவில்லை. அந்த மாசம் வாடகைக்குக் கையிலிருந்து போட்டேன்.

அந்தப் பையன் மட்டும் வந்தான். இன்றும் வருகிறான், "ஜேட்டு" என்றுதான் கூப்பிடுவான். பந்தயம் இல்லை, சிகரெட் இல்லை, மது இல்லை என்று வாசலில் வங்காளியிலும் இங்கிலீஷிலும் எழுதி வைத்தேன். மெல்ல மெல்ல ஆபீஸ் பெண்கள் நாலு பேராகச் சேர்ந்து வர ஆரம்பித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் பிள்ளையுமாக வருகிறார்கள். போன ஏழு பேர் விட்ட இடம் ஒரு வருஷத்தில் நிரம்பியது.

பெரிய லாபம் என்று சொல்ல மாட்டேன். போட்ட முதலில் இன்னும் கொஞ்சம் திரும்பி வர வேண்டியிருக்கிறது. தூக்கம் கெடாமல் நடக்கிறது, அவ்வளவுதான். உங்கள் பிள்ளைகள் தொடங்க வந்தால், முதலில் ஒரு மாசம் வேறொரு ஹாலில் மாலை நேரம் போய் உட்கார்ந்து, மணிக்கு எத்தனை மேஜை ஓடுகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். அதற்குப் பொறுமை இல்லாதவனுக்கு இந்தத் தொழில் வேண்டாம்.

போன பூஜா லீவில் சம்பந்தி மாமா கோயமுத்தூரிலிருந்து வந்திருந்தார். அவரை ஹாலுக்கு அழைத்துக்கொண்டு வந்தது நானில்லை, என் மனைவிதான். மாமா முக்கால் மணி நேரம் ஆடினார். போகும்போது கட்டணம் எவ்வளவு என்று கேட்டார். நான் வேண்டாம் என்றேன். என் மனைவிதான், "வாங்கிக்கோங்கோ, கணக்கு கணக்குதான்" என்றாள்.