உண்ணிக் கடியும் வாய்க் கோணலும்



இன்று நெல்லைப் பற்றியோ கத்தரியைப் பற்றியோ நான் பேச வரவில்லை. உங்கள் காதினுட் புகக்கூடிய உண்ணியைப் பற்றியே பேச வந்துள்ளேன்.

கேகாலைப் பகுதித் தோட்டமொன்றில், இறப்பர் மலையோரத்திற் போஞ்சி பயிரிடும் ஓர் அம்மையாரின் வாய் ஒருநாட் காலையில் ஒருபுறமாகக் கோணிற்று. அப்புறத்துக் கண்ணும் மூடவில்லை. பாரிசவாதமென எண்ணி லயத்தார் எண்ணெய் தேய்த்தனர். நான்கு நாட்களாக அவருக்குக் காதுவலி இருந்ததை எவரும் பொருட்படுத்தவில்லை, அவரே பொருட்படுத்தவில்லை. வைத்தியசாலையிற் காதைச் சோதித்தபோது, செவிப்பறையை அடுத்து உண்ணியொன்று கடித்தபடி இருந்தது. அதனை அகற்றிய சில வாரங்களில் முகம் நேராயிற்று.

முகத்தை அசைக்கும் நரம்பு மூளையிலிருந்து காதெலும்பின் ஊடாகவே வருகின்றது. உண்ணியின் உமிழ்நீர் நஞ்சும் அதனால் உண்டாகும் வீக்கமும் அந்நரம்பைத் தாக்குகின்றன. இலங்கையில் மனிதர் காதிற் பெரிதும் காணப்படுவது டேர்மசென்றர் ஓறேற்றஸ் என்னும் இனத்தின் இளம்பருவ உண்ணியாகும். அதன் முதிர்ந்த உண்ணி காட்டுப்பன்றியில் வாழும். பன்றி கிண்டிய பாத்தியில் மறுநாட் குனிந்து வேலை செய்வோர் இதனை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

உண்ணி நோய்க் கிருமியையும் புகுத்தக்கூடும். அமெரிக்காவில் 1970களில் லைம் என்னும் ஊரிற் கண்டறியப்பட்ட நோயில், முகத்தின் இருபுறமும் வாதமுற்றோரும் உளர். நம் நாட்டிலோ றிக்கெற்சியாக் கிருமியால் உண்டாகும் உண்ணிக் காய்ச்சலே முக்கியமானது. கடுங்காய்ச்சல், தலையிடி, மூட்டுவலி, உள்ளங்கையிலும் தோன்றும் செந்தடிப்பு ஆகியன அதன் குறிகள். தாமதித்தால் மூளையையும் தாக்கலாம். டெங்கென்றும் எலிக்காய்ச்சலென்றும் மயங்க இடமுண்டாகையால், உண்ணி கடித்ததையும் காட்டோரம் வேலை செய்ததையும் வைத்தியரிடம் நீங்களே கூறுங்கள். இதற்குரிய மருந்து டொக்சிசைக்கிளின். எலிக்காய்ச்சல் வராதிருக்க வயலிறங்குமுன் சுகாதாரப் பரிசோதகர் தருவதும் அதுவே. ஆயினும் அளவும் நாட்களும் வேறு. வீட்டில் எஞ்சிய குளிசையைத் தாமாக விழுங்குதல் தகாது.

காதில் உண்ணி புகுந்தாற் கொண்டை ஊசியாற் கிளறாதீர், மண்ணெண்ணெயும் ஊற்றாதீர். அதனை வைத்தியரே எடுத்தல் வேண்டும். தோலிற் கடித்த உண்ணியைச் சாவணத்தால் தோலோடொட்டிப் பிடித்து, நசுக்காது நேரே இழுக்கவும்.

வாய்க் கோணலுடன் கைகாற் சோர்வோ பேச்சுக் குளறலோ கண்டால் அது பாரிசவாதமாகவே இருக்கலாம். அப்போதும் எண்ணெய்ப் போத்தலைத் தேடாது உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

அவ்வம்மையார் இப்போது காதையும் சேர்த்துத் தலைத்துணி கட்டியே போஞ்சிப் பாத்திக்கு இறங்குகிறார். மாலையிற் குளித்தபின் பேரப்பிள்ளைகளின் காதுகளையும் பார்த்துவிடுகிறார்.