பங்கு முதலீட்டில் பொறுமையும் விவேகமும்



நம் நாட்டின் பங்கு வியாபாரம் ஓர் மரநிழலில் தொடங்கியது என்பார்கள். மும்பைக்குப் பம்பாய் என்று பெயர் வழங்கிய 1850-களில், நகர மண்டபத்தின் எதிரே நின்ற ஆலமரத்தடியில் சில தரகர்கள் கூடிப் பங்குகளைக் கைமாற்றி வந்தனர். 1861-இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அந்நாட்டுப் பஞ்சு கிடைக்காமல் தவித்த லங்காஷயர் ஆலைகள் இந்தியப் பஞ்சைச் சொன்ன விலைக்கு வாங்கின. பம்பாயில் பணம் வெள்ளமாய்ப் பாய்ந்தது. வந்த பணத்துக்குப் போக்கிடம் வேண்டுமல்லவா? நாள்தோறும் புதிய பாங்குகளும், கடலைத் தூர்த்து நிலமாக்கும் கம்பெனிகளும் முளைத்தன. அவற்றுள் பெயர் பெற்றது பேக் பே கம்பெனி. 5,000 ரூபாய் செலுத்திப் பெற்ற அதன் பங்கு ஒன்று, உச்சக்கட்டத்தில் சுமார் 50,000 ரூபாய்க்கு விலைபோயிற்று. கடலோ இன்னும் கடலாகவே இருந்தது!

1865 ஏப்ரலில் போர் ஓய்ந்தது. பஞ்சு விலை சரிந்தது. அவ்வாண்டு ஜூலை முதல் தேதி, முன்கூட்டியே பேசி வைத்த ஒப்பந்தங்களுக்குப் பணம் செலுத்த வேண்டிய நாள். அன்று பலரிடம் செலுத்தப் பணமில்லை. பங்குகளையே ஈடாகக் கொண்டு கடன் கொடுத்திருந்த பம்பாய் பாங்கு மூலதனத்தைப் பறிகொடுத்து, 1868-இல் மூடப்பட்டது.

இவ்வரலாற்றில் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். கடலைத் தூர்த்தால் அந்நிலத்துக்கு மதிப்பு உண்டாகும் என்ற எண்ணம் பிழையானதன்று. அக்கரையோரத்தின் பெரும்பகுதி பின்னாளில் மெய்யாகவே நிலமாயிற்று. மெரீன் டிரைவில் மாலையில் உலாவச் செல்லும் நம்மவர்கள் அதன் மேல்தான் நடக்கிறார்கள். எண்ணம் சரி, கொடுத்த விலைதான் தவறு. அதைவிடப் பெருந்தவறு, கடன் வாங்கிய பணத்தைக் குறித்த தேதிக்குள் பெருக்கிவிடலாம் என்று நம்பியது. காத்திருக்க இயலாதவனுக்கு நல்ல கம்பெனியும் உதவாது.

ஊரைவிட்டு வந்து டில்லியிலும் மும்பையிலும் அகமதாபாத்திலும் உத்தியோகம் பார்க்கும் நமக்கு இது மிகவும் பொருந்தும். நம் சேமிப்பின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பெயர் உண்டு: தங்கையின் திருமணம், பையனின் கல்லூரி, ஊரில் எழுப்ப நினைக்கும் வீடு. இரண்டு மூன்று ஆண்டுகளில் தேவைப்படும் பணத்தைப் பங்கில் போடுதல் ஆகாது. அதற்குரிய இடம் பாங்கு டிபாசிட். எஞ்சிய பணத்துக்கே பொறுமையைப் பற்றிப் பேசலாம்.

பொறுமை மட்டும் போதுமா? மும்பைச் சந்தையின் சென்செக்ஸ் குறியீட்டெண் 2008 ஜனவரியில் 21,000-ஐத் தாண்டி, அக்டோபரில் 8,000-க்கும் கீழே இறங்கிற்று. அஞ்சி விற்றவர்களுக்கு நஷ்டம் நிலைத்துவிட்டது. விற்காதிருந்தவர்கள் 2010 நவம்பரில் மீண்டும் 21,000-ஐக் கண்டார்கள். இதை மட்டும் சொல்லி நிறுத்துவோர் பலர். ஆனால் 1992 ஏப்ரலில், ஊழல் வெளிப்படும் வேளையில், குறியீட்டெண் சுமார் 4,400-ஐ எட்டியிருந்தது. 11 ஆண்டுகள் கழித்து, 2003 ஏப்ரலில், அது 3,000-ஐ ஒட்டியே நின்றது! வெறிபிடித்த விலையில் வாங்கியவரின் பொறுமைக்கு அத்தனை காலம் கூலி கிட்டவில்லை.

தனியொரு கம்பெனியாயின் ஆபத்து இன்னும் அதிகம். 2009 ஜனவரியில் சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத்தின் தலைவரே கணக்குகள் பொய்யென ஒப்புக்கொண்டார். அன்று ஒரே நாளில் பங்கின் விலையில் முக்கால் பகுதிக்கு மேல் கரைந்தது. பாதியாய்க் குறைந்த விலை பழைய நிலைக்கு வர இரு மடங்காக வேண்டும். கால் பங்காய்க் குறைந்தது நான்கு மடங்காக வேண்டும். ஆதலால் உள்ள பணம் முழுவதையும் ஒரே கம்பெனியில் முடக்குவது விவேகமன்று.

மின்சார ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் சொல்லும் பெயரையோ, கைப்பேசியில் வரும் செய்தியையோ கேட்டு வாங்குவோர் விலை இறங்கியதும் திகைப்பது ஏன்? வாங்கிய காரணமே அவர்களுக்குத் தெரியாது. வாங்கும் அன்றே அக்காரணத்தை ஒரு நோட்டுப் புத்தகத்தில் நான்கு வரியாக எழுதி வையுங்கள். ஆண்டறிக்கை வரும்போது கடன் ஏறியிருக்கிறதா, இலாபம் ரொக்கமாய் வந்து சேர்கிறதா, தணிக்கையாளர் என்ன குறிப்பு எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். காரணம் நிலைத்திருந்தால் விலை இறங்கினாலும் வைத்திருக்கலாம். அது போய்விட்டால், நஷ்டமானாலும் விற்றுவிடுவதே நன்று. தினந்தோறும் விலை பார்ப்பதால், மனக்கலக்கம் தவிர, வேறொன்றும் வளர்வதாக நான் கண்டதில்லை.

நம்மைப் போல் அடிக்கடி மாற்றலாகிறவர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். முகவரி மாறியதும், பாங்குக் கணக்கு மாறியதும் தெரிவிக்காமல் விட்டு, தொடர்ந்து ஏழு ஆண்டுகள் டிவிடெண்டு பெறப்படாமல் கிடந்தால், அப்பணமும் பங்குகளும் மத்திய அரசின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்கு மாற்றப்படும். விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம், அலைச்சல் மிகுதி. நியமனதாரர் பெயரைப் பதிவு செய்து, ஊரிலுள்ள வீட்டாருக்கும் விவரத்தை எழுதி வைத்துவிடுங்கள்.