வாடகைக்கு விட வீடு வாங்குவோர்

சேமலாப நிதியாய்க் கைக்கு வந்த பணத்தைக் கொண்டு வெள்ளவத்தையில் வீடொன்றை வாங்கி வாடகைக்கு விட எண்ணுபவர், பன்னிரண்டு மாத வாடகையையும் வருமானமாகக் கணக்கிடுதல் கூடாது. வீடு வெறுமையாய்க் கிடக்கும் மாதங்களும் உள. கூரை ஒழுகும், சோலைவரியோ ஆள் இருப்பினும் இல்லாவிடினும் கட்டவேண்டியது. பத்து மாத வரவையே நம்பி, அதிலும் செலவு போக எஞ்சுவதைப் பார்த்து விலை பேசுதல் நன்று.

உறுதியைக் காணிப் பதிவகத்திற் பலமுறை ஒப்புநோக்கும் இவர்கள், குடியிருக்க வருபவரோடு செய்யும் உடன்படிக்கையில் அசட்டையாயிருப்பது வியப்பே. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, நொத்தாரிசின் முன்னிலையில் இரு சாட்சிகளோடு எழுதப்படாவிடின் செல்லாது. தவணை, வாடகை, திருத்தவேலை யார் பொறுப்பு என்பன அதிலேயே இடம்பெறவேண்டும். உறவினர்தாமே என்று வாய்ச்சொல்லிற் சாவியைக் கொடுத்துவிட்டு, மகளின் கலியாணத்துக்கு வீடு தேவைப்பட்டபோது வழக்காட நேர்ந்தவர் பலர்.