அறுபது நாளும் ஒரு கடிதமும்

(சட்டத்துறை மாணவர்களுக்கான எழுத்துப் போட்டிகள் குறித்து நடந்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சிப் படைப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை)



சட்டம் படிக்கும் நம் பிள்ளைகள் எழுத்துப் போட்டிகளில் நேரம் செலவிட வேண்டுமா என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன் பேசிய தாயார் ஒருவர், "முதலில் பரீட்சையில் தேறட்டும், போட்டியைப் பிறகு பார்க்கலாம்" என்றார். கடன் வாங்கிப் படிக்க வைக்கும் பெற்றோரின் கவலை அது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். நான் சட்டம் படித்தவனும் அல்லன். மக்கள் தொடர்புத் துறையில் டிப்ளோமா பெற்று, ஒலிவாங்கியைப் பிடித்துப் பிழைப்பவன். ஆனாலும் 'வேண்டும்' என்ற பக்கம் நின்று பேச எனக்கு ஒரு காரணம் இருக்கிறது.

என் அப்பா கோல சிலாங்கூர் வட்டாரத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியவர். நான் மூன்றாம் படிவத்தில் இருந்தபோது மண்டோருடன் ஒரு வாக்குவாதம். "நாளையிலிருந்து பெரட்டுக்கு வராதே" என்று சொல்லிவிட்டார்கள். கடிதமும் இல்லை, விசாரணையும் இல்லை. அப்பா கிராணியைப் பார்த்தார். கோயில் தலைவரைப் பார்த்தார். பத்தாங் பெர்ஜுந்தையில் தெரிந்த ஒருவரைப் பார்த்தார். எல்லாரிடமும் வாயால்தான் சொன்னார். எல்லாரும் "பேசிப் பார்க்கிறேன்" என்றார்கள். மூன்று மாதம் கழித்து ஒருவர் சொல்லித்தான் தொழில் உறவு இலாகாவுக்கு எழுதினோம். காலம் கடந்துவிட்டது என்று பதில் வந்தது.

நியாயமின்றி வேலை நீக்கப்பட்டதாகக் கருதும் தொழிலாளி 60 நாட்களுக்குள் எழுத்து மூலம் முறையிட வேண்டும் என்கிறது 1967ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு. அந்த 60 நாள் கெடு இன்றும் அப்படியேதான் இருக்கிறது. அப்பாவுக்கு நியாயம் இருந்ததா இல்லையா என்று யாரும் தீர்ப்பளிக்கவில்லை. அந்தக் கேள்வியே எழவில்லை. கடிதம் போகவில்லை, அவ்வளவுதான்.

போட்டியில் என்ன கற்கிறார்கள்?

சட்ட மாணவர் போட்டி என்றதும் கறுப்பு அங்கி அணிந்து வாதாடுவதுதான் நம் நினைவுக்கு வருகிறது. அதற்கு முன் மாதக்கணக்கில் எழுத்து வேலை நடக்கிறது. உலகப் புகழ்பெற்ற ஜெசப் மாதிரி நீதிமன்றப் போட்டியை எடுத்துக்கொள்வோம். 1960இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. முதல் ஆண்டின் வழக்கு எதைப் பற்றியது தெரியுமா? கியூபாவின் நிலச் சீர்திருத்தம் பற்றியது. தோட்ட நிலம் யாருக்கு என்ற கேள்வி நமக்குப் புதியதா என்ன?

இப்போட்டியில் ஒவ்வோர் அணியும் இரண்டு வாதமனுக்கள் எழுத வேண்டும். ஒன்று வழக்குத் தொடுத்தவருக்காக, மற்றொன்று எதிர்த்தரப்புக்காக. தன் கட்சிக்காக மட்டும் எழுதினால் போதாது. சொல் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, மீறினால் புள்ளி குறையும். தாமதமாக அனுப்பினாலும் குறையும். அதைவிட முக்கியமானது, மனுவில் அணியின் பெயரோ பல்கலைக்கழகத்தின் பெயரோ இருக்கக் கூடாது. ஓர் எண் மட்டும்தான். எழுதியவர் டத்தோவின் பிள்ளையா, லயத்து வீட்டுப் பிள்ளையா என்று படிப்பவருக்குத் தெரியாது. எழுத்து ஒன்றுதான் பேசும். நம் பிள்ளைகளுக்கு இதைவிடச் சமமான களம் எங்கே கிடைக்கும்?

எழுத்தின் பலத்தை நம் நாடே பார்த்திருக்கிறது. சிப்பாடான், லிகித்தான் தீவுகள் மலேசியாவுக்கா இந்தோனேசியாவுக்கா என்ற வழக்கு ஹேக் நகரில் உள்ள அனைத்துலக நீதிமன்றத்துக்குப் போனது. 2002 டிசம்பர் 17ஆம் நாள் 16 நீதிபதிகள் மலேசியா பக்கமும் ஒருவர் எதிராகவும் தீர்ப்பளித்தார்கள். தீர்ப்புக்குக் கைகொடுத்தவை பீரங்கிகள் அல்ல. ஆமை முட்டை எடுப்பதைக் கட்டுப்படுத்திய 1917ஆம் ஆண்டுச் சட்டம், 1933இல் சிப்பாடானைப் பறவைகள் சரணாலயமாக்கிய அறிவிப்பு, 1960களின் தொடக்கத்தில் கட்டிய கலங்கரை விளக்கங்கள். யாரோ ஒரு குமாஸ்தா எழுதி வைத்த காகிதத்தைத் தேடி எடுத்து, உரிய இடத்தில் வைத்தார்கள். இரண்டு தீவுகள் நமக்கு உறுதியாயின.

கருணையா, உரிமையா?

எழுதுவது தோட்டத்துக்குப் புதிதல்ல. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் கையில் ஒரு கோரிக்கைப் பட்டியல் இருந்தது. சம்பள உயர்வு வேண்டும், பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும், துரையின் முன்னால் சைக்கிளில் போக அனுமதி வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். தலைவர் ஆர்.எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின. ஆனால் அந்தப் பட்டியலை இன்று படித்தாலும், அவர்கள் என்ன கேட்டார்கள் என்பதில் சந்தேகம் வராது.

அதற்குப் பின் நாம் எழுதிய மகஜர்களைப் பாருங்கள். "ஐயா அவர்கள் கருணை கூர்ந்து" என்று தொடங்கும். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணீர் இருக்கும். எந்தத் தேதி, யார் சொன்னது, எந்தச் சட்டம், என்ன வேண்டும் என்பது இருக்காது. மாலை போட்டுக் கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுவோம்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ஆட்குறைப்பின்போது தர வேண்டிய நன்மைகளை 1980ஆம் ஆண்டு விதிமுறைகள் வகுத்துள்ளன. அவற்றுக்கு உட்பட்ட தொழிலாளி 5 ஆண்டு அல்லது அதற்கு மேல் வேலை செய்திருந்தால், ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். 20 ஆண்டு உழைத்தவருக்கு 400 நாள் சம்பளம் ஆகிறது. இந்தக் கணக்கு தெரிந்தவர் கருணை கேட்க மாட்டார். "எனக்குச் சேர வேண்டியது இவ்வளவு" என்று எழுதுவார். கெஞ்சும் கடிதத்தை உரிமைக் கடிதமாக மாற்றுவதைத்தான் அந்தப் போட்டிகள் கற்றுத் தருகின்றன. நடந்தது என்ன, சட்டம் என்ன, கேட்பது என்ன, இந்த மூன்றும் வரிசையாக வர வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

இங்கே அமர்ந்திருக்கும் சட்ட மாணவர்களே! தம்பி, தங்கைகளே! ஹேக் நகரத்து வழக்கை எழுதுங்கள், வெல்லுங்கள். அதோடு இன்னொரு போட்டியையும் நாமே தொடங்குவோம். கோல சிலாங்கூரில் ஒரு தமிழ்ப்பள்ளி மண்டபம் போதும். வேலை நீக்கப்பட்ட ஒரு தொழிலாளியின் கதையைக் கொடுப்போம். இலாகாவுக்கு மலாய் மொழியில் ஒரே பக்கத்தில் முறையீடு எழுத வேண்டும். அதே விவரத்தைத் தொழிலாளிக்குத் தமிழில் விளக்கி இன்னொரு பக்கம் எழுத வேண்டும். முதல் பக்கத்துக்கு வழக்கறிஞர் புள்ளி போடட்டும். இரண்டாம் பக்கத்துக்கு, பால்மரம் வெட்டிய ஒரு பாட்டி புள்ளி போடட்டும். அவருக்குப் புரியவில்லை என்றால் பரிசு இல்லை!

நேரமில்லை என்று கவலைப்பட்ட அந்தத் தாயாருக்கும் ஒரு வார்த்தை. அம்மா, உங்கள் மகள் போட்டிக்காக இழக்கும் சில வாரங்கள் வீண் போகா. நாளை உங்கள் பக்கத்து வீட்டுக்காரரை வேலைக்கு வராதே என்று சொன்னால், அன்றைக்கே ஒரு தாளை எடுத்துத் தேதியைப் போட்டு எழுதத் தொடங்க அந்த வீதியில் ஒருவர் இருப்பார். எங்கள் லயத்தில் அன்று அப்படி ஒருவரும் இல்லை.