ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் ஒரு பகல்



ஓர் ஊரை உள்ளபடி அறிய வேண்டுமாயின் அதனைக் கால்நடையாகச் சென்று பார்க்க வேண்டும். அதற்கு நேரமில்லாதவர்களுக்கு அடுத்தபடியாக உதவுவது துவிச்சக்கர வண்டி. மோட்டார் வண்டியில் செல்பவன் மலையைக் கண்ணால் மட்டும் காண்கிறான். துவிச்சக்கர வண்டியில் செல்பவனோ அதன் ஏற்றத்தைத் தன் முழங்காலிலும் உணர்கிறான். அவ்வாறு நான் உணர்ந்து வந்த ஒரு நாளைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

அவுஸ்திரேலியாவின் தென்கிழக்கில் உள்ளது விக்டோரியா மாநிலம். அதன் வடகிழக்குப் பகுதியில், மலைகளிலிருந்து இறங்கிவரும் ஓவன்ஸ் என்னும் ஆறு ஒரு நீண்ட பள்ளத்தாக்கை வகுத்திருக்கிறது. அங்குள்ள மேட்டில்போட் என்ற சிற்றூருக்கு 1883இலும், அதற்கப்பால் மலையடிவாரத்திலுள்ள பிறைட் என்ற ஊருக்கு 1890இலும் புகையிரதப் பாதை வந்து சேர்ந்தது. பிற்காலத்தில் மோட்டார் வண்டிகள் பெருகவே புகையிரதத்துக்கு வேலை குறைந்தது. 1980ஆம் ஆண்டுகளில் பாதை மூடப்பட்டது. தண்டவாளங்களை அகற்றிய இடத்தில் தாரிட்டு, நடப்போருக்கும் துவிச்சக்கர வண்டிக்காரருக்கும் உரிய வழியாக அதனை மாற்றிவிட்டார்கள்.

புகையிரதம் செங்குத்தான ஏற்றத்தில் ஏறமாட்டாது. ஆதலால் அக்காலப் பொறியியலாளர் மேட்டை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும் சரிவைக் குறைத்தே பாதை சமைத்தனர். அன்று நீராவி இயந்திரத்துக்குச் செய்த அந்த உபகாரம் இன்று என்போன்ற நடுத்தர வயதினரின் கால்களுக்குப் பயன்படுகிறது.

ஏப்ரல் மாதத்து ஒரு காலை வேளையில் மேட்டில்போட்டிலிருந்து புறப்பட்டேன். அங்கே அது இலையுதிர் காலம். ஆற்றின்மேல் மூடுபனி படிந்திருந்தது. வாடகைக்கு வண்டி தந்தவர் தலைக்கவசத்தைக் கையில் தந்து, அணிந்துகொள்ளும் வரை என்னை விடவில்லை. துவிச்சக்கர வண்டிக்காரர் எல்லோரும் தலைக்கவசம் அணிய வேண்டும் என்ற சட்டத்தை 1990இலேயே உலகில் முதன்முதலாகக் கொண்டுவந்த மாநிலம் அது. பிறைட் வரை சுமார் 30 கிலோமீற்றர். வலப்புறத்தே பஃபலோ மலை தன் கருங்கற் பாறைகளோடு மெல்ல மெல்லப் பனியிலிருந்து வெளிப்பட்டது. சக்கரத்தின் ஓசையையும் பறவைகளின் குரலையும் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. இந்த அமைதிக்காகவே இவ்வளவு தூரம் வந்தேன் என்று மனம் நிறைந்தேன்.

சிறிது தூரம் சென்றதும் வயலோரங்களில் உயரமான, சாளரமில்லாத கட்டடங்கள் தென்பட்டன. யாழ்ப்பாணத்திலே புகையிலைத் தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்த எனக்கு, அவை எதற்காகக் கட்டப்பட்டவை என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. புகையிலையை உலர்த்திப் பதப்படுத்தும் சூளைகள் அவை. அவற்றுள் ஒன்றன் அருகே வேலி கட்டிக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். இளமையில் இத்தாலியிலிருந்து வந்தவராம். அப்பள்ளத்தாக்கின் புகையிலைச் செய்கை பெரும்பாலும் அவரைப் போன்ற இத்தாலியக் குடியேறிகளின் உழைப்பினாலேயே வளர்ந்தது. இலைகளைத் தடிகளில் கோத்துச் சூளையில் தொங்கவிட்டு, இரவுபகலாகச் சூடு குன்றாமற் காக்க வேண்டும். அந்நாட்களில் படுக்கையைச் சூளை வாசலிலேயே போட்டுக்கொள்வாராம். 2006இல் அங்கே புகையிலைச் செய்கை முடிவுக்கு வந்தது. இப்போது அவர் மகன் திராட்சை பயிரிடுகிறான். சூளையை இடித்துவிடலாம் என்று மகன் சொல்கிறானாம். “நான் கண்ணை மூடிய பிறகு இடிக்கட்டும்” என்றார் அவர்.

விடைபெறும்போது பக்லண்ட் ஆற்றுப் பக்கம் போவதற்கு வழி கேட்டேன். வழியைக் காட்டிவிட்டு, “அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லையே” என்று வியப்புடன் கூறினார்.

வழியில் ஹொப்ஸ் தோட்டங்கள் வந்தன. பியர் மதுவுக்குக் கசப்பும் மணமும் கொடுக்கும் கொடி அது. அறுவடை முடிந்தபடியால், கொடிகளைத் தாங்கிய உயர்ந்த கம்பங்களும் கம்பிகளும் மாத்திரமே நின்றன. நண்பகலளவில் போர்பங்கா என்ற ஊரை அடைந்தேன். பக்லண்ட் ஆறு ஓவன்ஸ் ஆற்றோடு கலப்பது அங்கேதான். வண்டியைத் திருப்பிப் பக்லண்ட் பள்ளத்தாக்கினுள் சில கிலோமீற்றர் சென்றேன்.

நேயர்களே, 1853இல் அந்தப் பள்ளத்தாக்கிலே பொன் கண்டெடுக்கப்பட்டது. ஐரோப்பியரும் சீனரும் திரண்டு வந்தனர். சீனர் வருகையைத் தடுக்க விக்டோரியா அரசு 1855இல் தலைக்குப் பத்துப் பவுண் வரி விதித்தது. அதனால் அவர்களுட் பலர் அயலேயுள்ள தென் அவுஸ்திரேலியாவின் றோப் துறைமுகத்தில் இறங்கி, காவுதடியில் உடைமைகளைச் சுமந்துகொண்டு பல நூறு கிலோமீற்றர் நடந்தே பொன் வயல்களை அடைந்தனர். நான் அன்று தாரிட்ட பாதையில் 30 கிலோமீற்றர் மிதித்துவிட்டுக் களைப்பாறிக்கொண்டிருந்தேன்!

1857ஆம் ஆண்டு ஜூலை மாதம் 4ஆம் நாள், ஐரோப்பியச் சுரங்கக்காரர் நூறு பேரளவில் கூட்டம் கூடிச் சீனரின் குடியிருப்புகளைத் தாக்கினர். கூடாரங்கள் எரிந்தன. புதிதாகக் கட்டிய கோவில் அழிந்தது. ஏறக்குறைய 2000 பேர் கடுங்குளிரிலே பள்ளத்தாக்கை விட்டுத் துரத்தப்பட்டனர்; சிலர் உயிரிழந்தனர். பீச்வேர்த் நகரிலிருந்து பொலிசார் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கைதானவர்களைப் பெரிய குற்றச்சாட்டுகளிலிருந்து யூரிமார் விடுவித்தனர். துரத்தியவர்களும் துரத்தப்பட்டவர்களும் அம்மண்ணுக்கு வந்து சில ஆண்டுகளே ஆனவர்கள் என்பதையும், அதற்கு முன் எண்ணற்ற தலைமுறைகளாக ஆதிக்குடிகள் அங்கே வாழ்ந்தனர் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

முதியவர் சொன்னது ஒருவகையில் உண்மையே. நான் சென்ற அளவில், தெளிந்த நீரையும் மேயும் பசுக்களையும் தவிர அங்கே ஒன்றும் காணவில்லை. காலையில் நான் அனுபவித்த அதே அமைதிதான் அங்கேயும் நிலவியது. ஆயினும் இப்போது அதை அனுபவிக்க முடியவில்லை. ஆட்கள் வாழ்ந்து ஓய்ந்த இடத்தின் அமைதி வேறு. ஆட்களை ஓட்டிவிட்ட இடத்தின் அமைதி வேறு. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றுகின்றன. கேட்டு அறிந்தாலன்றி வேறுபாடு தெரிவதில்லை.

மாலையில் பிறைட் நகரை அடைந்தேன். தெருவெங்கும் மரங்கள் பொன்னிறமும் செந்நிறமுமாக நின்றன. பழைய புகையிரத நிலையத்தை அங்கே நூதனசாலையாகப் பேணுகிறார்கள். பீச்வேர்த் நகரின் மயானத்திலும், சீனர் தம் இறந்தோருக்காகக் காகிதப் படையல்களை எரித்த இரு சிறு கோபுரங்கள் இன்னும் காக்கப்பட்டு நிற்கின்றன. இறந்துபோன சீனருக்கு அடையாளம் அங்கே இருக்கிறது.

அந்த முதியவரின் சூளையை நினைத்துக்கொண்டேன். பயனற்றுப் போன பின்பும் அது நிற்கவேண்டும் என்று அவர் விரும்புவது பிடிவாதமன்று. இங்கே நாங்கள் இருந்தோம், உழைத்தோம் என்று சொல்ல அவருக்கு ஒரு சுவராவது இருக்கிறது. துரத்தப்பட்ட அந்த 2000 பேருக்கோ, நான் சென்ற வழியில், அதுவும் இருக்கவில்லை. அமைதியான நாட்டுப்புறம் ஒன்றினூடே நீங்கள் செல்ல நேர்ந்தால், சற்று இறங்கி நின்று, இங்கே முன்பு இருந்தவர் யாவர் என்று ஒருவரிடமாவது கேளுங்கள். துவிச்சக்கர வண்டியில் சென்றால் இறங்கி நிற்பது எளிது.